தரிசு நிலத்தில் செடிகள் ஆள் மாறுவதைப் பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

உழவு நின்றுபோன கொல்லையை அப்படியே விட்டுவிட்டால் முதல் மழைக்குக் களைப்பூண்டுகள் வரும். அப்புறம் அருகும் கோரையும் படரும், கொழுஞ்சியும் ஆவாரையும் தலையெடுக்கும். பிறகு முட்புதர், அந்தப் புதருக்குள்ளிருந்து ஒரு வேம்பு. பாடப்புத்தகம் இதைத் ‘தாவர வழிமுறை வளர்ச்சி’ என்கிறது. தேர்வில் எழுதுவது சுலபம். ஒரு குறிப்பிட்ட நிலத்தில் இது நடக்கிறதா, எந்த வேகத்தில் நடக்கிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று கையால் பதிவு செய்வது வேறு வேலை.

மாணவர்களோடும் ஆர்வலர்களோடும் இந்த வேலையைச் செய்ததில் நான் கண்டது: பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். மழையில் முளைத்துக் கோடையில் காய்வதை வழிமுறை வளர்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள். அது பருவம். அடுத்த ஆண்டு அதே செடி அதே இடத்தில் திரும்ப வரும். போனது திரும்பாமல், அதன் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்வதுதான் நாம் தேடுவது. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே இருக்கின்றன.

உதாரணங்கள் எல்லாம் வட தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களின் செம்மண் கொல்லைகளிலிருந்து. வேறு மண்ணில் செடிகளின் பெயர் மாறும், வேலையின் வரிசை மாறாது.

1. நிலத்தின் வயதை முதலில் கண்டுபிடியுங்கள்

கடைசியாக உழுதது எப்போது என்று தெரியாத நிலத்தில் வேலையைத் தொடங்காதீர்கள். தொடக்கப்புள்ளி இல்லாவிட்டால் பின்னால் எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது.

நிலத்துக்காரரிடம் கேட்டால் “அது ஆச்சு, பத்து வருஷம் இருக்கும்” என்பார். அந்தப் பத்து ஆறாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்) எந்தப் பசலியில் என்ன பயிர் என்று பதிவாகியிருக்கும். பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1 அன்று தொடங்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்தியும் உழவுக்கோடு கடைசியாகத் தெரிந்த ஆண்டைப் பார்க்கலாம். நிலத்துக்காரர் சொன்னது, அடங்கல், படம் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் கட்டாயம் கேளுங்கள்: மேல்மண்ணை யாராவது அள்ளினார்களா? மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு நிறுத்திய கொல்லையில் விதையும் கோரைக்கிழங்கும் அருகம்புல் வேரும் மண்ணுக்குள் தயாராக இருக்கும். செங்கல் சூளைக்கோ சாலை வேலைக்கோ மண் அள்ளிய குழியில் அவை எதுவும் இராது. முதலாவது, ஏற்கெனவே உயிர் இருக்கும் மண்ணில் தொடங்கும் ‘இரண்டாம்நிலை வளர்ச்சி’. இரண்டாவது, கிட்டத்தட்ட வெறும் பாறையில் தொடங்குவது மாதிரி. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. அனுமதி, ஆட்கள், பொருட்கள்

பட்டா நிலமென்றால் சொந்தக்காரரிடம், புறம்போக்கென்றால் ஊராட்சியில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். “இன்னும் 3 வருஷத்துக்கு உழ மாட்டீங்களே?” என்று கேட்பது முக்கியம். பாதியில் டிராக்டர் இறங்கினால் மொத்த உழைப்பும் போச்சு.

அங்கே ஆடு மேய்ப்பவர்களிடமும் பேசிவையுங்கள். நிலத்தில் தினமும் நிற்பவர்கள் அவர்கள்தான். போன மாசியில் தீப்பிடித்ததா, யார் விறகு வெட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

தேவையானவை: 30 மீட்டர் டேப், மீட்டருக்கொரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, குறிப்பேடு, பென்சில் (பேனா மை மழையில் கரையும்), பழைய செய்தித்தாள், இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு டின், முழங்காலுக்குக் கீழே மூடும் காலணி, ஒரு கோல். கோல் செடிக்கு அல்ல, பாம்புக்கு. புதரைத் தட்டிவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

3. கட்டங்களை எங்கே போடுவது

கட்டம் என்பது அளந்து குறித்து, உள்ளே இருக்கும் செடிகளைப் பதிவு செய்யும் சதுரம். பூத்துக் குலுங்கும் ஆவாரையைப் பார்த்ததும் கட்டத்தை அங்கே போடத்தான் கை போகும். அப்படிப் போட்டால் நிலத்தைப் பற்றி எதுவும் தெரியாது, உங்கள் ரசனையைப் பற்றித்தான் தெரியும்.

நிலத்தின் ஒரு மூலையில் நின்று, நீளவாக்கில் எத்தனை அடி, அகலவாக்கில் எத்தனை அடி நடப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கால் நின்ற இடம் வெறும் மண்ணாக இருந்தாலும் கட்டம் அங்கேதான். வெறும் மண்ணும் ஒரு பதிவு. நாளைக்கு அங்கே முளைப்பதுதான் சுவாரஸ்யமான செய்தி.

வரப்பு, வண்டித்தடம், கிணற்றுமேடு ஆகியவற்றிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியிருக்கட்டும். அங்கெல்லாம் ஈரமும் மிதிபடுதலும் வேறு.

அளவு: பூண்டுகளுக்கும் புல்லுக்கும் 1 மீட்டர் சதுரம், புதர்களுக்கு 5 மீட்டர் சதுரம், மரங்களுக்கு 10 மீட்டர் சதுரம். ஒன்றுக்குள் ஒன்றாக, எப்போதும் தென்மேற்கு மூலை பொதுவாக இருக்கும்படி போடுங்கள். ஏக்கருக்குப் பத்துச் சிறு கட்டங்கள் என்று தொடங்கலாம். பத்தாவது கட்டத்திலும் புதுச் செடிகள் வந்துகொண்டே இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கடைசி இரண்டு மூன்று கட்டங்களில் புதிதாக எதுவும் வரவில்லையென்றால் போதும்.

சதுரம் சதுரமாக இருக்கிறதா என்பதற்குக் கொத்தனார் வழிதான்: மூலைவிட்டத்தை அளங்கள். 5 மீட்டர் சதுரத்துக்கு 7.07 மீட்டர், 10 மீட்டர் சதுரத்துக்கு 14.14 மீட்டர் வர வேண்டும்.

4. மூலையைத் தொலைக்காதீர்கள்

எளிமையாகத் தோன்றும் இந்தப் படியில்தான் அதிகமான திட்டங்கள் செத்துப்போகின்றன.

என் முதல் முயற்சியில் கட்டத்தின் மூலைகளில் மர முளைக்குச்சி அடித்தேன். கரையான் பாதியைத் தின்றது, மீதி யார் வீட்டு அடுப்புக்கோ போயிற்று. அடுத்து இரும்புக் கம்பி. அது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டும். மூன்றாவது முறைதான் புத்தி வந்தது. யாருக்கும் பயன்படாத பொருளே நிற்கும். இப்போது அரைச் செங்கல்லைத் தரைமட்டத்துக்குப் புதைத்து மேலே சுண்ணாம்பு அடிக்கிறேன். எடுத்துப்போய் ஒன்றும் செய்ய முடியாது, ஆடு தடுக்கியும் விழாது.

செல்போன் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். அது சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரு மீட்டர் கட்டத்தைத் தேடுகிறவருக்குச் சில மீட்டர் தப்பு என்றால் கட்டமே தப்பு. அதனால் ஒவ்வொரு மூலைக்கும், நகராத இரண்டு பொருள்களிலிருந்து, ஒரு பனை, ஒரு மின்கம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், டேப்பால் தூரம் அளந்து எழுதுங்கள். செங்கல் மண்ணில் மூழ்கினாலும் இரண்டு தூரமும் சந்திக்கிற இடத்தில் தோண்டினால் கிடைத்துவிடும்.

படம் எடுக்கவும் ஒரு கல் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கல்லின் மேல் நின்று, அதே பனையை நடுவில் வைத்து, காலை நேரத்தில் ஒரே உயரத்திலிருந்து எடுங்கள். மூன்றாம் ஆண்டில் உங்கள் அட்டவணையை நம்பாதவர்கூட இந்தப் படங்களை நம்புவார்.

5. நாட்களைக் குறித்துவிடுங்கள்

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரி இரண்டாம் வாரம், அப்புறம் மே இரண்டாம் வாரம். எந்த வாரம் என்பதைவிட ஒவ்வோர் ஆண்டும் அதே வாரம் என்பது பெரிது.

ஒப்பீடு எப்போதும் ஜனவரிக்கு ஜனவரி, மேக்கு மே. இந்த ஜனவரியையும் வரும் மேயையும் ஒப்பிட்டு “செடிகள் பாதியாகக் குறைந்துவிட்டன” என்று எழுதினால் நீங்கள் கோடையைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எவ்வளவு மழை பெய்தது என்பதையும் அருகிலுள்ள மழைமானிக் கணக்கிலிருந்து எழுதிவையுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பூண்டுகள் குறைவது இயல்பு. அதைப் புதர்கள் விரட்டிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

6. கட்டத்துக்குள் என்ன எழுதுவது

எப்போதும் வெளியே நின்று குனிந்து எண்ணுங்கள். ஒரே பக்கத்திலிருந்து அணுகுங்கள். பத்துப் பேர் சுற்றி நின்று மிதித்த கட்டத்தில் அடுத்த ஆண்டு வருவது மிதிபடுவதைத் தாங்கும் செடிகள்தான்: நெருஞ்சி, அருகு. அது நீங்களே உண்டாக்கிய மாற்றம்.

ஒவ்வொரு செடிக்கும் மூன்று விவரங்கள் வேண்டும்: எத்தனை, எவ்வளவு பரப்பை மூடுகிறது, எந்த நிலையில் இருக்கிறது.

எண்ணிக்கை தும்பைக்கும் கீழாநெல்லிக்கும் சரி. அருகம்புல்லை எண்ண முடியாது. எது ஒரு செடி, எது அதன் கிளை என்றே தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் மூடும் பரப்பையும் எழுதுங்கள். கண் மதிப்பில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அதற்கு ஓர் எளிய வழி: 10 செ.மீ. சதுர அட்டை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். 1 மீட்டர் சதுரத்தில் அது சரியாக நூற்றில் ஒரு பங்கு. இந்தச் செடியை மூட எத்தனை அட்டை தேவைப்படும் என்று பார்த்தால் அதுதான் சதவீதம். செடிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டலாம். தப்பில்லை, திருத்த வேண்டாம்.

நிலை என்பது முளை, இளஞ்செடி, பூப்பது, காய்த்தது, காய்ந்தது. இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது. ஜனவரியில் ஒரு 5 மீட்டர் கட்டத்தில் வேப்பமுளைகள் ஏராளமாகத் தெரியும். பச்சைப் பசேலென்று. “மரம் வந்துவிட்டது” என்று குதிக்கத் தோன்றும். மேயில் அதே கட்டத்தில் முட்டி போட்டுத் தேடுங்கள். வெட்டவெளியில் முளைத்தவை சருகாகியிருக்கும். காரைப் புதரின் நிழலில், முள்ளுக்குள் ஆட்டின் வாய் எட்டாத இடத்தில், விரல் தடிமன்கூட இல்லாத ஒன்றிரண்டு நிற்கும். அந்த ஒன்றிரண்டுதான் கணக்கு. முளைத்ததை எண்ணாதீர்கள், கோடையைத் தாண்டியதை எண்ணுங்கள்.

அப்படித் தாண்டிய மரக்கன்றுகளுக்கு எண் கட்டுங்கள். பிளாஸ்டிக் அட்டை வெயிலில் நொறுங்கிவிடும். குளிர்பானக் கேனை நறுக்கி, ஆணியால் எண்ணைக் கீறி, கம்பியில் கோத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கன்றை நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

7. பெயர் தெரியாவிட்டால்

ஊகித்து எழுதாதீர்கள். ‘அறியாதது 1’ என்று எண் போட்டு, கட்டத்துக்கு வெளியே உள்ள அதே செடியின் பூவோடு கூடிய கிளையைச் செய்தித்தாளில் அழுத்திவையுங்கள். முதல் வாரம் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும். பெயர் பின்னால் கிடைத்தால் எல்லாப் பக்கத்திலும் திருத்திக்கொள்ளலாம். தவறான பெயரை எழுதிவிட்டால் அதைத் திருத்த வேண்டும் என்றே உங்களுக்குத் தெரியாது.

ஊர்ப்பெயரையும் கேட்டு எழுதுங்கள். ஆனால் ஓர் ஊரில் சூரை என்பது பக்கத்து ஊரில் வேறொன்றாக இருக்கும். ஒருமுறை ஆடு மேய்க்கும் ஆயா ஒருவரிடம் “இது என்ன செடி ஆயா?” என்றேன். “பேரு தெரியாது கண்ணு, ஆடு வாய் வைக்காது” என்றார். பெயரைவிட அது பெரிய தகவல். ஆடு தொடாத செடி, மேய்ச்சல் நிலத்தில் ஏன் பெருகுகிறது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. குறிப்பேட்டில் ‘ஆடு தின்னும் / தின்னாது’ என்று ஒரு பத்தியைச் சேர்த்தது அன்றைக்குத்தான்.

8. ஒவ்வொரு செடியும் எப்படி வந்தது என்று குறியுங்கள்

செடிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் போடுங்கள்.

முதலாவது ஆயுள்: ஒரு பருவத்தில் முடிவது, பல ஆண்டு நிற்கும் பூண்டு அல்லது புல், கட்டைத்தண்டுள்ள புதர் அல்லது மரம். இரண்டாவது பயணம்: காற்றில் வந்ததா (எருக்கு), ஒட்டிக்கொண்டு வந்ததா (நாயுருவி, நெருஞ்சி), பறவை வயிற்றில் வந்ததா (வேம்பு, காரை), ஆடுமாட்டின் வயிற்றில் வந்ததா (சீமைக்கருவேலம்), மண்ணுக்குள் முன்பே இருந்ததா (கோரை).

தனித்தனிச் செடிகளின் பெயர்கள் ஆண்டுக்காண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். அதைப் பார்த்தால் தலை சுற்றும். இந்தத் தொகுதிகளாகக் கூட்டிப் பார்த்தால் போக்கு தெளிவாகும்: ஒரு பருவச் செடிகளின் பங்கு இறங்கும், கட்டைத்தண்டுகளின் பங்கு ஏறும், பறவை கொண்டுவந்தவை கூடும்.

பறவை வழி வந்தவை பரவலாக வராது. பனை, மின்கம்பி, புதரின் உச்சி என்று மைனாவும் கொண்டைக்குருவியும் உட்காரும் இடங்களின் அடியில்தான் குவியும். அதனால் காடு ஒரே சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகத் தொடங்கும். உங்கள் பத்துக் கட்டத்தில் ஒன்பதில் மரக்கன்றே இல்லாமல் ஒன்றில் மட்டும் ஏழு இருந்தால், அந்த ஒன்றைப் பிழை என்று நீக்கிவிடாதீர்கள். மேலே எது இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள்.

பூச்சி, பறவைக்கும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு, வெட்டவெளியில் வானம்பாடி, புதர் மூடியபின் தவிட்டுக்குருவிக் கூட்டம். செடி மாறும்போது குடியிருப்பவர்களும் மாறுகிறார்கள்.

9. மண்ணைச் சோதிப்பது

இரண்டு சோதனைகள் போதும்.

தட்டு முளைப்பு: செப்டம்பரில், மழைக்கு முன், பத்து இடங்களில் மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்துக் கலந்து, வறுத்து ஆறவைத்த மணலின் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பக்கத்தில் வறுத்த மணல் மட்டும் உள்ள இன்னொரு தட்டு கட்டாயம் வேண்டும். அதில் முளைப்பவை மொட்டை மாடிக் காற்றில் வந்தவை, அவற்றைக் கழித்துவிடுங்கள். மூன்று மாதம் பாருங்கள். ஆவாரை, கொழுஞ்சி மாதிரிச் செடிகளின் விதைத்தோல் கடினமானது. தட்டில் முளைக்கவில்லை என்பதால் மண்ணில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

நீர் இறங்கும் நேரம்: இரண்டு பக்கமும் வெட்டிய டின்னை 5 செ.மீ. ஆழம் அழுத்தி, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, வற்றும் நேரத்தைக் குறியுங்கள். முதல் ஊற்றல் உலர்ந்த மண்ணுக்குப் போய்விடும், இரண்டாவதைக் கணக்கில் எடுங்கள். வெட்டவெளியில் ஒன்று, புதரடியில் ஒன்று. சருகும் வேரும் சேர்ந்த புதரடி மண் சீக்கிரம் குடித்தால், முன்னால் வந்த செடி பின்னால் வருவதற்கு இடம் பண்ணித்தருகிறது என்பதற்கு உங்கள் கையிலேயே ஒரு சான்று.

10. ஒரு கட்டத்துக்காவது வேலி போடுங்கள்

மாற்றம் நடக்கவில்லை என்றால் அது ஆட்டினாலா, மண்ணினாலா? வேலி இல்லாமல் சொல்ல முடியாது. இரண்டு 5 மீட்டர் கட்டங்களை அருகருகே தேர்ந்து, சீட்டுக் குலுக்கி ஒன்றுக்கு மட்டும் முள் அடையுங்கள்.

கைக்கெட்டும் முள் சீமைக்கருவேலம்தான். நெற்று உள்ள கிளையை அடைத்தால் அதையே விதைத்ததாகிவிடும். நெற்றையெல்லாம் உதிர்த்துவிட்டு அடையுங்கள். வேலியின் உயரமான குச்சிகளில் பறவை உட்காரும் என்பதையும் மறக்காதீர்கள். வேலி ஓரத்து அரை மீட்டரை எண்ணாமல் விடுவது நல்லது.

11. வயது வேறான நிலங்களை ஒப்பிடும்போது

3 ஆண்டில் பூண்டிலிருந்து புதர் வரைதான் பார்க்க முடியும். மீதிக்கு, 5 ஆண்டு, 15 ஆண்டு, 30 ஆண்டு தரிசுகளில் அதே கட்ட முறையைச் செய்து வரிசைப்படுத்தலாம். நிபந்தனை ஒன்று: மண், சரிவு, மேய்ச்சல் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பழைய தரிசுகள் பெரும்பாலும் மோசமான மண் என்பதால் முதலில் கைவிடப்பட்டவை. இதைக் கவனிக்காமல் வரிசைப்படுத்தினால் காலம் போகப்போக நிலம் கெடுகிறது என்ற வேடிக்கையான முடிவு வரும்.

வரிசையின் கடைசியில் ஒரு கோயில் காட்டை வையுங்கள். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்றவற்றில் இந்தக் கரையோரத்துக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைப் பார்க்கலாம். காசான், வீரை, பாலை போன்றவை எப்படி இருக்கும் என்று கண் பழகட்டும். உங்கள் கொல்லை அப்படியே அங்கே போய்ச் சேரும் என்று மட்டும் எழுதாதீர்கள். விதை கொடுக்கும் தாய்மரம் பக்கத்தில் இல்லாவிட்டால் எத்தனை ஆண்டானாலும் அந்தச் செடி வராது.

சில நிலங்கள் நடுவில் நின்றுவிடும். சீமைக்கருவேலம் அடர்ந்த கொல்லை பத்தாண்டு கழித்தும் சீமைக்கருவேலமாகவே இருக்கும். ஆண்டுதோறும் தீ வைக்கப்படும் புல்வெளி புல்வெளியாகவே இருக்கும். முன்னால் வந்தவர் எல்லோரும் பின்னால் வருபவருக்கு வழி விடுவதில்லை, சிலர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இதைத் தோல்வி என்று நினைத்து அந்த நிலத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த நிலங்கள்தான் மிகப் பிடித்தவை.

12. கணக்கு

இரண்டு ஜனவரிகளுக்கு இடையில் எவ்வளவு மாறியது என்பதற்கு ஒரே சூத்திரம் போதும்: இரண்டிலும் பொதுவான செடிவகைகளை இரண்டால் பெருக்கி, இரண்டு ஆண்டுகளின் வகை எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையால் வகுங்கள். உதாரணத்துக்கு முதல் ஆண்டு 18 வகை, இரண்டாம் ஆண்டு 22, பொதுவானவை 12 என்றால் 24-ஐ 40-ஆல் வகுக்க 0.6. ஒன்று வந்தால் ஆளே மாறவில்லை, பூஜ்யம் வந்தால் முழுக்க மாறிவிட்டது.

முதல் ஜனவரியோடு ஒவ்வோர் ஆண்டையும் ஒப்பிடுங்கள். எண் இறங்கிக்கொண்டே போனால் நிலம் நகர்கிறது. இறங்கி, மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மறுபடி பழைய இடத்துக்கே ஏறினால், நீங்கள் பார்த்தது மழையின் ஏற்ற இறக்கம்.

வகைகளின் எண்ணிக்கை தொடர்ந்து ஏற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதர் மூடியதும் வெயில் கேட்கும் பூண்டுகள் ஒரேயடியாகப் போய்விடும், எண்ணிக்கை குறையும்.

13. குறிப்பேட்டின் முதல் பக்கம்

இந்த வேலையை உங்களுக்குப் பிறகு இன்னொருவர் தொடர்வார் என்று நினைத்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் நிலத்தின் புல எண், நிலத்துக்காரர் கடைசியாக உழுத பசலி, ஒவ்வொரு மூலைக்கும் பனையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உள்ள தூரம், வடக்குத் திசை காட்டும் கைவரைபடம். அடுத்த பக்கம் தீ, வெட்டு, மேய்ச்சல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் தேதி. இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் அந்தப் பனையை வெட்டப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால், வெட்டும் முன் போய் வேறொரு அடையாளத்திலிருந்து எல்லாத் தூரத்தையும் மறுபடி அளந்துவிடுங்கள்.